மச்சம் முளைப்பது எப்படி?

கேள்வி: எனக்கு வயது 36. கன்னத்தில் சின்ன வயதிலிருந்தே ஒரு மச்சம். அப்போது மை வைத்தது போலத் தட்டையாக, கன்னங்கரேலென்று இருக்கும். இப்போது நிறம் மங்கி, மேடாகிவிட்டது. நடுவில் ஒரு முடி வேறு. மச்சம் என்பது உண்மையில் என்ன? பயப்பட வேண்டுமா?

பதில்: நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் மச்சத்துக்கு வயதாகிறது, அவ்வளவுதான்.

தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனோசைட் என்ற செல். இதற்குத் தோல் சொந்த ஊர் அல்ல. கருவில் தண்டுவடம் உருவாகும் சமயத்தில் அதன் ஓரத்திலிருந்து புறப்பட்டு, நகர்ந்து நகர்ந்து வந்து தோலில் குடியேறுகிறது. நரம்புக்கு உறை போடும் செல்களும் அதே இடத்திலிருந்து வந்தவைதான்; பங்காளிகள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். மேல்தோலின் அடிவரிசையில் ஒவ்வொன்றும் தனித்தனியாக உட்கார்ந்து, மெல்லிய கைகளை நீட்டி, சுற்றியுள்ள செல்களுக்கு மெலனின் நிறமியை ஊட்டும்.

அப்படி ஒரு செல்லின் மரபணுவில் சின்ன எழுத்துப்பிழை நேர்கிறது. பிறந்த பிறகு வரும் மச்சங்களில் பெரும்பாலும் அது பிராஃப் என்ற மரபணுவில். உடனே செல் பெருகத் தொடங்குகிறது. நீட்டிய கைகளைச் சுருக்கிக்கொண்டு, உருண்டு, கொத்துக் கொத்தாகத் திரள்கிறது. அந்தத் திரள்தான் மச்சம். மெலனோமா என்ற தோல் புற்றுநோயிலும் சுமார் பாதிப் பேருக்கு இதே மரபணுவில்தான் கோளாறு! ஆனால் மச்சத்தில் செல்லுக்குள் இருக்கும் பிரேக் பிடித்துவிடுகிறது. ஓரளவு பெருகியதும் நின்றுவிடும். பிறகு பல வருடம் அசையாது.

சரி, மேடானது ஏன்? காலப்போக்கில் இந்தக் கொத்துகள் அடித்தோலுக்குள் இடம்பிடிக்கின்றன. ஆழத்தில் இருப்பவை நிறமியைக் குறைவாகவே தயாரிக்கும். அதனால் மேடு கூடும், கருமை குறையும். முடி இருப்பது கெடுதல் அல்ல; உறுத்தினால் கத்தரித்துக்கொள்ளலாம்.

கவனிக்க வேண்டியது வேறு. சில வாரங்களிலோ மாதங்களிலோ ஓரம் கோணலாவது, ஒரே மச்சத்தில் பல நிறம் தெரிவது, 6 மி.மீ.க்கு மேல் பரவுவது, இரத்தம் கசிவது, 40 வயதுக்கு மேல் புதிதாக ஒன்று முளைத்து வளர்வது. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியையும் பாருங்கள். மாநிறத்தவருக்கு மெலனோமா பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்துகொள்ளும்.

அழகுக்காக எடுப்பதென்றால் தோல் மருத்துவரிடம் எடுங்கள். ஆசிட் வைத்துப் பொசுக்காதீர்கள். பொசுக்கிய மச்சத்தைப் பயாப்ஸிக்கு, அதாவது திசுப் பரிசோதனைக்கு, அனுப்ப வழியே இல்லை.