தோற்கும் பயிற்சியாளருக்கு எவ்வளவு காலம் தரலாம்?

(அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கப்படுகிறது.)

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஓர் அணி இரண்டு சீசன்கள் தொடர்ந்து தோற்றுவிட்டாலே, பயிற்சியாளரை நீக்கச் சொல்லிக் குரல்கள் எழுந்துவிடுகின்றன. அந்த நேரத்தில் பல்கலைக்கழகம் பொறுமை காட்டுவது சரியா?
– வாசகர் ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: பொறுமை காட்டத்தான் வேண்டும். ஆனால் எதை நம்பிப் பொறுத்திருக்கிறோம் என்பதை நிர்வாகம் தனக்குத்தானே தெளிவாகச் சொல்லிக்கொள்ள முடிய வேண்டும். இதற்கு டியூக் பல்கலைக்கழகத்தைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

வட கரோலினாவில் உள்ள அந்தப் பல்கலைக்கழகம் 1980-இல் மைக் ஷஷெவ்ஸ்கியைப் பயிற்சியாளராக நியமித்தபோது, அவர் அதற்கு முன் பயிற்றுவித்த ராணுவக் கல்லூரி அணி, கடைசி சீசனில் 9 ஆட்டங்களில் வென்று 17 ஆட்டங்களில் தோற்றிருந்தது. டியூக்கிலும் முதல் மூன்று சீசன்களில் 38 வெற்றிகளுக்கு 47 தோல்விகள் வந்து சேர்ந்தன. 1983 மார்ச்சில் வர்ஜீனியா அணியிடம் 66–109 என்ற கணக்கில் தோற்று அந்த சீசன் முடிந்தபோது, நன்கொடை அளிக்கும் ஆதரவாளர்கள் பலர் அவரை நீக்கும்படி வற்புறுத்தினார்கள். விளையாட்டுத் துறை இயக்குநராக இருந்த டாம் பட்டர்ஸ் அதற்கு இணங்கவில்லை. மாறாக, 1984 ஜனவரியில் அவருடைய ஒப்பந்தத்தை நீட்டித்தார்.

இதைப் பெரும்பாலும் பட்டர்ஸின் துணிச்சல் கதையாகவே சொல்கிறார்கள். அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் கண்ணால் காணக்கூடிய ஓர் ஆதாரம் இருந்தது என்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஜானி டாக்கின்ஸ், மார்க் அலாரி, ஜே பைலஸ் ஆகியோர் 1982-இல் டியூக்கில் சேர்ந்த மாணவர்கள்; அப்படியானால், 11 ஆட்டங்களில் மட்டுமே வென்று 17-இல் தோற்ற அந்த சீசனில் அவர்கள் முதலாண்டு மாணவர்களாக, தங்களைவிட மூத்த, உடல் வலிமை மிகுந்த ஆட்டக்காரர்களுக்கு எதிராக ஆடிக்கொண்டிருந்தார்கள். அதே மாணவர்கள் நான்காம் ஆண்டுக்கு வந்த 1986-இல் டியூக் 37 ஆட்டங்களில் வென்று, தேசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் லூயிவில் அணியிடம் மூன்றே புள்ளிகளில் தோற்றது. வெற்றிப் பட்டியலை மட்டும் பார்த்தவர்கள் 1983-இல் ஒரு தோல்வியாளரைக் கண்டார்கள். பயிற்சிக் கூடத்துக்குள் சென்று பார்த்தவர்களால் ஒரு நல்ல அணி வளர்ந்துகொண்டிருப்பதைக் கண்டிருக்க முடியும். ஷஷெவ்ஸ்கி 2022-இல் ஓய்வு பெறும்வரை டியூக்கிலேயே இருந்து ஐந்து தேசியப் பட்டங்களை வென்றார்.

கேள்வி: வென்றவர்களின் கதையைச் சொல்வது எளிது. பொறுமை காட்டி ஏமாந்த பல்கலைக்கழகங்களும் இருக்குமே?
– வாசகி ஒருவர், மதுரை

பதில்: உண்டு. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துக்கு நேர்ந்ததை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது. மாணவராக இருந்தபோது 1984-இல் அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தேசியப் பட்டம் வென்று தந்த பேட்ரிக் யூவிங், 2017-இல் அங்கேயே தலைமைப் பயிற்சியாளராகத் திரும்பி வந்தார். அவரிடம் அங்கிருந்த அன்பும் மரியாதையும் நியாயமானவை. ஆனால் அவர் சேர்த்த திறமையான இளைஞர்கள் ஒருவர் பின் ஒருவராக வேறு கல்லூரிகளுக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். 2021-இல், ஜார்ஜ்டவுன் ஆடும் கல்லூரி லீக்கான பிக் ஈஸ்டின் தொடரை எதிர்பாராமல் வென்றது அந்தக் குறையைச் சிறிது காலம் மறைத்தது. அடுத்த சீசனில் பிக் ஈஸ்டின் வழக்கமான லீக் ஆட்டங்கள் 19-இலும் அணி தோற்றது. அதன் பிறகும் நிர்வாகம் அவருக்கு மேலும் ஓராண்டு கொடுத்தது. அந்த ஆண்டு 7 வெற்றிகளும் 25 தோல்விகளும் கிடைத்தன. 2023 மார்ச்சில் அவர் நீக்கப்பட்டார்.

டியூக்கின் 1983-ஐயும் ஜார்ஜ்டவுனின் 2022-ஐயும் அருகருகே வைத்துப் பார்த்தால், தோல்விகளின் எண்ணிக்கையைவிட வேறொன்று கண்ணில் படுகிறது. முதல் அணியில் தோற்ற இளைஞர்கள் அங்கேயே தங்கி, ஆண்டுக்கு ஆண்டு மேம்பட்டார்கள். இரண்டாவது அணியில் எதிர்காலத்தைச் சுட்டிக்காட்ட யாரும் மிஞ்சவில்லை. யூவிங்குக்குத் தரப்பட்ட அந்தக் கடைசி ஆண்டு, பழைய நாயகனிடம் கசப்பான முடிவைச் சொல்ல மனம் வராததால் தரப்பட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது. அவருக்கும் அது நன்மை செய்யவில்லை.

கேள்வி: சீசன் முழுவதும் வென்று, மார்ச் மாதத் தேசியப் போட்டியில் மட்டும் சறுக்கும் பயிற்சியாளரை என்ன செய்வது?
– வாசகர் ஒருவர், சேலம்

பதில்: அவரை வைத்துக்கொள்ள வேண்டும். கல்லூரிக் கூடைப்பந்தின் உயர்மட்டமான முதல் பிரிவில் உள்ள 360-க்கும் மேற்பட்ட அணிகளில் 68 மட்டுமே அந்தப் போட்டிக்குள் நுழைகின்றன. அங்கே ஓர் ஆட்டத்தில் தோற்றாலே வெளியேற வேண்டும். 2018-இல் டோனி பென்னட்டின் வர்ஜீனியா அணி, தன் பகுதியில் முதல் தர வரிசையில் இருந்துகொண்டு, அங்கே கடைசியான 16-ஆம் தர வரிசையில் இருந்த மேரிலாந்து–பால்டிமோர் கவுண்டி பல்கலைக்கழகத்திடம் 54–74 என்று தோற்றது. ஆடவர் போட்டியில் அதற்கு முன் நடந்திராத ஒன்று அது. அடுத்த ஆண்டே அதே பயிற்சியாளரின் கீழ் வர்ஜீனியா தேசியப் பட்டத்தை வென்றது. பர்டியூ பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் மேட் பெயின்டரும் 2023-இல் அதே வகையான தோல்வியைச் சந்தித்து, 2024-இல் இறுதி ஆட்டம் வரை அணியைக் கொண்டு சென்றார்.

கேள்வி: இப்போது வீரர்கள் ஆண்டுதோறும் கல்லூரி மாறலாம், பணமும் பெறலாம். பழைய பொறுமைக்கு இன்னும் இடமிருக்கிறதா?
– வாசகர் ஒருவர், நியூ ஜெர்சி

பதில்: இருக்கிறது, ஆனால் காலம் சுருங்கிவிட்டது. முன்பு கல்லூரி மாறிய மாணவர் பொதுவாக ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும். 2021-இல் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. அதே ஆண்டு ஜூலையிலிருந்து மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் புகழையும் கொண்டு வருமானம் ஈட்டவும் அனுமதி கிடைத்தது. அதனால் முதலாண்டு மாணவர்களைச் சேர்த்து நான்கு ஆண்டுகள் வளர்ப்பது மட்டுமே வழி என்று எந்தப் பயிற்சியாளரும் இனிச் சொல்ல முடியாது. மிச்சிகன் அணி 2023–24 சீசனில் 8 ஆட்டங்களில் வென்று 24-இல் தோற்றிருந்தது. புதிய பயிற்சியாளர் டஸ்டி மே, பிற கல்லூரிகளிலிருந்து அனுபவமுள்ள ஆட்டக்காரர்களை வரவழைத்து, முதல் சீசனிலேயே 27 வெற்றிகளைப் பெற்றார்.

இதைப் பார்த்து எல்லாப் பயிற்சியாளர்களிடமும் ஓராண்டில் இதே விளைவைக் கேட்பது அநியாயம். ஒரு சிறிய பல்கலைக்கழகம் வளர்த்தெடுத்த வீரரைப் பெரிய பல்கலைக்கழகம் பணம் கொடுத்து அழைத்துச் செல்லும்போது, அந்த இழப்பைப் பயிற்சியாளரின் திறமைக்குறைவாக எழுதிவிடக் கூடாது. வீரர்களைத் தக்கவைத்துக்கொள்ளத் தேவையான நிதியைத் தராத நிர்வாகம், வெற்றி வரவில்லை என்று பயிற்சியாளரை மட்டும் குறை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

என்னிடம் கேட்டால், போதிய நிதி உள்ள இடத்தில் மூன்று சீசன்களும், இல்லாத இடத்தில் நான்கு சீசன்களும் தரலாம். இரண்டாவது சீசன் முடிந்ததும் இயக்குநர் பயிற்சியாளருடன் அமர்ந்து, யார் தங்கினார்கள், யார் எதற்காகப் போனார்கள், தங்கியவர்களின் ஆட்டம் எந்த அளவுக்கு முன்னேறியிருக்கிறது என்று பெயர் பெயராகக் கேட்டுவிட வேண்டும். பயிற்சியாளரை நீக்கினால் வீரர்கள் வெளியேறுவதற்கென்றே தனியாக ஒரு கால அவகாசம் திறக்கிறது என்பதையும் அப்போது நினைவில் கொள்ள வேண்டும். அவரை நம்பி வந்த மாணவர்களில் பலர் அவருடனேயே போய்விடக்கூடும், புதிதாக வருபவர் அணியை முதலிலிருந்தே கட்ட நேரிடும்.