ஸ்ட்ராவில் ஊதினால் பாட்டு வருமா?

அன்புள்ள ஐயா,

நாற்பதைத் தாண்டிய பிறகு பாட்டு கற்றுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறேன். தனி வகுப்பு. நான்கு மாதமாகிறது, ஒரு பாட்டுகூட வரவில்லை. தண்ணீரில் ஸ்ட்ரா விட்டு ஊதச் சொல்கிறார் ஆசிரியர். இல்லையென்றால் உதட்டை 'ப்ர்ர்' என்று அதிரவிட வேண்டும். மேல் ஸ்தாயியில் குரல் உடைகிறது என்றால் மறுபடியும் ஸ்ட்ரா! வீட்டில் சிரிக்கிறார்கள். தொண்டையைத் திறந்து அசுர சாதகம் செய், தானாக வரும் என்கிறான் நண்பன். நான் ஏமாறுகிறேனா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஸ்ட்ரா ஏமாற்று வேலை இல்லை. நுனி இரண்டு விரற்கடை தண்ணீருக்குள் இருக்க, 'ஊ' என்று ஒரு சுரத்தைப் பிடித்தால் வாய்க்குள் கொஞ்சம் அழுத்தம் தேங்கும். குரல்நாண்கள் ஒன்றையொன்று அறையாமல் பதமாகத் தொட்டுப் பிரிய அது உதவுகிறது. 440 ஹெர்ட்ஸ் சுரம் என்றால் நொடிக்கு 440 தடவை அவை தொட்டுப் பிரிகின்றன. அசுர சாதக நண்பரை அரைமணிக்கு எத்தனை என்று பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், அந்தக் குமிழி. கீழிருந்து மேலே மெல்ல இழுத்துக்கொண்டு போனால், குரல் தடுமாறுகிற இடத்தில் குமிழியும் திக்கும், அல்லது குபுக்கென்று பொங்கும். காதுக்குப் பிடிபடாததைக் கண் பிடித்துவிடும். மனுவேல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர் 1854-ல் வெயிலையும் இரண்டு கண்ணாடிகளையும் வைத்துத் தன் தொண்டைக்குள்ளேயே எட்டிப் பார்த்தார். நமக்கு ஒரு தம்ளர் போதும்.

என் முதல் ஆசிரியர் "வயிற்றிலிருந்து பாடு" என்பார். அதற்குமேல் விளக்கம் கிடையாது. உதரவிதானம் மூச்சை உள்ளே இழுக்கிற தசை. பாடும்போது காற்றைச் சிக்கனமாக வெளியே விடுவதில் விலா, வயிற்றுத் தசைகளுக்கும் பெரிய பங்கு உண்டு. எனக்கு இதெல்லாம் தெரியாது. இரண்டு வருடம் வயிற்றை முட்டினேன். வயிறு கல்லானது, கூடவே தொண்டையும்.

அடுத்து வந்த ஆசிரியர் வயிற்றைப் பற்றிப் பேசவே இல்லை. கண்ணாடி முன் உட்காரவைத்து, "மேல் சுரம் வரும்போது மோவாயைப் பாருங்கள்" என்றார். எதையோ எட்டிப் பறிக்கப் போவதுபோல அது மேலே ஏறிக்கொண்டிருந்தது. 'இல்லை இல்லை' என்று தலையை லேசாக ஆட்டிக்கொண்டே பாடச் சொன்னார். ஆடுகிற கழுத்து இறுக முடியாதல்லவா? மூன்றாவது தடவை சுரம் வந்தது. சின்னதாக, ஆனால் உடையாமல்.

ஆனாலும் உங்கள் ஆசிரியரிடம் எனக்கு ஒரு குறை உண்டு. நான்கு மாதம் பாட்டே இல்லை என்பது சரியில்லை. உடைகிற வரியையே ஸ்ட்ராவில் ஊதி, பிறகு வெறும் 'ஊ'வில் பாடி, அப்புறம் சொற்களோடு பாட வேண்டும். மூன்றும் ஒரே வகுப்பில் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊதுவதில் மட்டும்தான் தேர்ச்சி வரும்.

வகுப்பு முடிந்ததும் தொண்டை வலித்தாலோ கரகரத்தாலோ அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். கரகரப்பு வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் போங்கள்.

அடுத்த வகுப்புக்கு அந்த ஒரு வரியை எழுதி எடுத்துக்கொண்டு போய், "இதை வைத்து ஊதலாமா?" என்று கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.