கணினி கேள்வி – பதில்: கைவிட்டுப் போன பழைய மின்னஞ்சல்

கேள்வி: 2009 வாக்கில் ப்ரௌசிங் சென்டரில் வைத்துத் தொடங்கிய ஜிமெயில். கடவுச்சொல் மறந்துவிட்டது, அதில் கொடுத்த மொபைல் எண்ணும் இப்போது என்னிடம் இல்லை. ஆதார் நகல் அனுப்பத் தயார். யாருக்கு அனுப்ப வேண்டும்?
– வாசகர், தென்காசி

பதில்: யாருக்கும் அனுப்பாதீர்கள். இலவச ஜிமெயிலை மீட்டுத் தர கூகுளில் போன் நம்பர் கிடையாது. இணையத்தில் தேடினால் கிடைக்கும் 'கஸ்டமர் கேர்' எண்கள் அத்தனையும் மோசடி. உள்நுழையும் இடத்தில் 'கடவுச்சொல் மறந்துவிட்டதா?' என்று அழுத்தினால் வரும் கணக்கு மீட்புப் பக்கத்தில் முடிவெடுப்பது இயந்திரம்தான். அதற்கு ஆதாரைப் படிக்கத் தெரியாது. இந்தக் கணக்கு முன்பு எந்தக் கருவியில், எந்த ஊரில் திறந்தது, பழைய கடவுச்சொல் என்ன என்றுதான் பார்க்கும்.

அதனால் மீட்புப் பக்கத்துக்குப் போகும் முன் வீட்டைத் துழாவுங்கள். பழைய லேப்டாப்பிலோ பரணில் கிடக்கும் போனிலோ அந்த ஜிமெயில் இன்னும் திறந்தபடி இருக்கலாம். இருந்தால் லாக்-அவுட் செய்யாதீர்கள். போனில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கும் 'ஃபேக்டரி ரீசெட்' கூடவே கூடாது. ரீசெட் முடிந்ததும் போன் அதே கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டு நின்றுவிடலாம். கணக்கு திறந்திருக்கவில்லை என்றால், பழைய கணினியின் குரோம் அமைப்புகளில் 'கடவுச்சொல் நிர்வாகி'யைப் பாருங்கள். எப்போதோ 'சேமி' என்று அழுத்தியிருந்தால் அங்கே இருக்கும். ஃபயர்ஃபாக்ஸிலும் இதே வசதி உண்டு.

இரண்டும் இல்லையென்றால் மீட்புப் பக்கம். முன்பு அந்தக் கணக்கைத் திறந்த கருவி, அதே ப்ரௌசர், வழக்கமான வீட்டு வைஃபை, இந்த மூன்றும் கூடியவரை அமைய வேண்டும். இருக்கும் இடத்தை மறைக்கும் விபிஎன், பார்த்ததைப் பதிவு செய்யாத இன்காக்னிட்டோ இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். ப்ரௌசர் சேமித்து வைத்திருக்கும் குக்கீகளையும் (தளங்கள் விட்டுச்செல்லும் அடையாளக் கோப்புகள்) முன்கூட்டியே அழிக்காதீர்கள். 'நினைவிருக்கும் கடைசிக் கடவுச்சொல்' கேட்டால் தாண்டிப் போகாமல், அதற்கும் முந்தையதையாவது போடுங்கள். தவறான ஊகத்தால் வாய்ப்பு பறிபோகாது. பழைய எண்ணுக்கு ஓடிபி அனுப்பவா என்று கேட்கும்போது 'வேறு வழியை முயல்க' என்பதை அழுத்துங்கள். மீட்புக்காக நீங்கள் முன்பு கொடுத்திருந்த இன்னொரு மின்னஞ்சலின் (மீட்பு மின்னஞ்சல்) ஓரிரு எழுத்துகளைக் காட்டும். அது உங்களுடைய எந்த முகவரி என்று ஊகிக்க அதுவே போதும். மறுத்துவிட்டால் அன்றே பத்து முறை மோதாதீர்கள், தற்காலிகமாகப் பூட்டிவிடும். ஓரிரு நாள் விட்டு, வேறொரு பழைய கருவியிலிருந்து முயலுங்கள்.

அந்த எண் உங்கள் பெயரிலேயே இருந்து சிம் மட்டும் தொலைந்திருந்தால் வேலை எளிது. அடையாள அட்டையோடு போய் டூப்ளிகேட் சிம் வாங்கலாம். புது சிம்மில் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, அதனால் அன்றைக்கு மீட்பு முயற்சி வேண்டாம். எண் வேறொருவருக்குப் போய்விட்டதா? அவரைக் கூப்பிட்டு ஓடிபி கேட்கலாமே என்று தோன்றும். விவரமானவர் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது.

இன்னொன்று. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் அழிக்கலாம் என்று விதி. அழிந்து நெடுநாள் ஆகியிருந்தால் மீட்க வழியில்லை. அதே முகவரியைப் புதிதாகப் பதிவு செய்யவும் முடியாது. உங்கள் முகவரி இன்னொருவர் கைக்குப் போகாது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

கேள்வி: யாரோ என் ஜிமெயிலுக்குள் புகுந்து மீட்பு எண்ணையே மாற்றிவிட்டார்கள். இனி வழியில்லையா?
– வாசகி, தாம்பரம்

பதில்: உண்டு, ஆனால் உடனே செய்ய வேண்டும். எண்ணோ மீட்பு மின்னஞ்சலோ மாற்றப்பட்டு ஏழு நாள்வரை, முந்தையதற்குக் குறியீடு அனுப்பும் வாய்ப்பை மீட்புப் பக்கம் காட்டக்கூடும். உள்ளே போனதும் கடவுச்சொல்லை மாற்றி, தெரியாத கருவிகளை நீக்குங்கள். பிறகு ஜிமெயில் அமைப்புகளில் ஃபார்வர்டிங்கையும் ஃபில்டரையும் பாருங்கள். திருடன் தன் முகவரிக்கு நகல் போகும்படி அங்கே வைத்துவிட்டுப் போவது வழக்கம், கடவுச்சொல்லை மாற்றினாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

கேள்வி: பல வருடம் கழித்து யாஹூ மெயில் திறந்தது. ஆனால் ஒரு கடிதம்கூட இல்லை. எப்படித் திரும்பப் பெறுவது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: யாஹூவிடமிருந்து கிடைக்காது. 12 மாதம் திறக்காத பெட்டியை அவர்கள் காலி செய்துவிடுவார்கள். மீட்டுத் தரும் முயற்சி கடைசி ஏழு நாளில் தொலைந்த கடிதங்களுக்கு மட்டும்தான்.

ஒரே நம்பிக்கை பழைய கணினி. அதில் அவுட்லுக் அல்லது தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் மென்பொருள் வழியாகக் கடிதம் படித்திருந்தால், வன்தட்டில் நகல் இருக்கும். திறக்கும் முன் இணைய இணைப்பைத் துண்டித்துவிடுங்கள், இது முக்கியம். ஐமேப் முறையில் இணைத்திருந்தால், இணையம் கிடைத்ததும் மென்பொருள் யாஹூவின் சர்வரைப் பார்த்து, அங்கே காலி என்பதால் இங்கேயும் காலி செய்துவிடும். கடிதங்களைக் கணினியிலேயே இறக்கி வைத்துக்கொள்ளும் பாப் முறையென்றால் அந்த ஆபத்து குறைவு. எதற்கும் முதலில் கடிதங்கள் உள்ள மொத்தக் கோப்புறையையும் பென் டிரைவில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஹாட்மெயிலுக்கும் இதே முறைதானா?
– வாசகர், ஈரோடு

பதில்: இல்லை. மைக்ரோசாஃப்டில் ஒரு மீட்புப் படிவம் உண்டு. பழைய கடவுச்சொற்கள், நீங்கள் உருவாக்கிய கோப்புறைப் பெயர்கள், சமீபத்தில் அனுப்பிய கடிதங்களின் தலைப்புகள் ஆகியவற்றைக் கேட்கும். அடிக்கடி கடிதம் எழுதிய நண்பரிடம் அவருக்கு வந்த கடிதத்தின் தலைப்பைக் கேட்டு, எழுத்துப் பிசகாமல் போடுங்கள். ஒரு நாளில் இரண்டு முறைதான் அனுப்பலாம். கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டிருந்தால் இந்தப் படிவம் செல்லாது.

கேள்வி: எதுவும் பலிக்கவில்லை. வங்கி, வருமான வரி எல்லாம் அந்த முகவரியில்தான் இருக்கிறது.
– வாசகி, காரைக்குடி

பதில்: பணம் சம்பந்தப்பட்டதை முதலில் மாற்றுங்கள். வங்கியில் கிளைக்கு நேரில் போய் எழுதிக் கொடுத்தாலே முடியும். வருமான வரித் தளத்தில் கடவுச்சொல் மறந்திருந்தாலும் ஆதார் ஓடிபி மூலம் புதிதாக வைத்து, உள்ளே சுயவிவரத்தில் முகவரியை மாற்றலாம். ஆதாரோடு இணைந்த மொபைல் எண் உயிரோடு இருக்க வேண்டும். மியூச்சுவல் ஃபண்டை மறந்துவிடாதீர்கள், ஒவ்வொரு ஃபோலியோவிலும் (முதலீட்டுக் கணக்கு) எந்த முகவரி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். போனில் ஃபேஸ்புக் இன்னும் திறந்திருந்தால், லாக்-அவுட் ஆகும் முன் இன்றே புது முகவரியைச் சேர்த்துவிடுங்கள். மின்கட்டணம், ரயில் முன்பதிவெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.