கொத்தும் கோழியைக் கொடுத்துவிடலாமா?

கேள்வி: வீட்டுக் கொல்லையில் நான்கு பெட்டைக் கோழிகள் ஒரு வருடமாக ஒற்றுமையாக இருந்தன. போன மாதம் மூன்று மாத வயதில் இரண்டு விடைக்கோழிகளை (இன்னும் முட்டையிடத் தொடங்காத இளம் பெட்டைகள்) வாங்கி அவற்றோடு விட்டேன். அன்றோடு நிம்மதி போயிற்று. பெரிய கருப்புக் கோழி இரண்டையும் தீவனத் தட்டுப் பக்கமே அண்ட விடுவதில்லை. ஒன்றுக்குப் பின்மண்டையில் ரத்தம் வந்ததால், வீட்டுக்குள் பெட்டியில் ஒரு வாரம் வைத்திருந்து, காயம் ஆறியதும் திரும்ப விட்டேன். முன்னைவிட மோசமாக அடித்தன. இப்போது மறுபடியும் ரத்தம். கருப்பியை யாருக்காவது கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். கருப்பி போனால் அதற்கு அடுத்த நிலையில் இருக்கும் கோழி அந்த இடத்துக்கு வரும். விடைகளுக்கு விழும் அடி நிற்காது.

ஒரு வருடம் ஒற்றுமையாக இருந்தன என்கிறீர்களே, அந்த ஒற்றுமை எப்படி வந்தது என்று பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். நாளைக் காலை தீவனம் வைத்ததும் பத்து நிமிடம் அங்கேயே உட்கார்ந்து பழைய நான்கையும் கவனியுங்கள். கருப்பி தட்டுப் பக்கம் வரும்போது, தின்றுகொண்டிருக்கும் கோழி தலையைத் தாழ்த்தி, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, ஓரடி நகர்ந்துகொள்ளும். கருப்பி கொத்தியிருக்காது. கழுத்தைக் கொஞ்சம் நிமிர்த்தியிருக்கும், அவ்வளவுதான். யாருக்கு யார் வழி விடுவது என்பது அவற்றுக்குள் எப்போதோ முடிவாகிவிட்டது. அதனால்தான் சண்டை இல்லை.

இதை முறையாகக் கவனித்து எழுதியவர் நார்வேயைச் சேர்ந்த தோர்லீஃப் ஷெல்டெருப்-எப்பே. சிறுவயது முதலே கோழிகளைப் பார்த்துக் குறிப்பெடுத்துவந்தவர். 1920களின் தொடக்கத்தில் அதை ஆய்வாக வெளியிட்டார். ஒரு கூட்டத்தில் எந்த இரண்டு கோழிகளை எடுத்தாலும், எது எதைக் கொத்தலாம் என்பது அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது என்று காட்டினார். இந்த வரிசை எப்போதும் ஒரே ஏணியாக இருப்பதில்லை என்பதையும் கவனித்தார். முதல் கோழி இரண்டாவதை அடக்கும், இரண்டாவது மூன்றாவதை அடக்கும், ஆனால் அந்த மூன்றாவது முதல் கோழியையே விரட்டும். உங்கள் நான்கிலும் அப்படி ஒரு முக்கோணம் இருக்கலாம், தேடிப் பாருங்கள்.

புதிய கோழி வந்தால் இந்தக் கணக்கு கலைந்து, ஒவ்வொன்றோடும் புதிதாகத் தீர்க்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் விரட்டல், கழுத்து இறகைச் சிலிர்த்து நேருக்கு நேர் நிற்பது, மண்டையில் ஒரு கொத்து, இதெல்லாம் நடக்கத்தான் செய்யும். அதில் நீங்கள் குறுக்கிட்டால் தீர வேண்டியது தீராமல் இழுத்துக்கொண்டே போகும். ரத்தம் வந்தால் மட்டும் கதை வேறு. சிவப்பைக் கண்டால் மற்ற கோழிகளும் சேர்ந்து அதே இடத்தைக் கொத்தும். சில சமயம் உயிரே போய்விடும். அப்போது உடனே பிரிக்கத்தான் வேண்டும். நீங்கள் பிரித்தது சரி, பிரித்து வைத்த இடம்தான் சரியில்லை.

கோழிகள் முகத்தையும் கொண்டையையும் வைத்துத்தான் பெரும்பாலும் ஒன்றையொன்று அடையாளம் காண்கின்றன. கண்ணுக்குத் தெரியாமல் சில நாள் போய்விட்டு வரும் கோழி, அதுவும் இன்னும் வேர்கொள்ளாத புதுக்கோழி, திரும்பி வரும்போது ஏறக்குறைய அந்நியம்தான். அந்த விடைக்கு எல்லாம் முதலிலிருந்து ஆரம்பமாகியிருக்கிறது.

அதனால் இந்த முறை கூண்டுக்குள்ளேயே, அல்லது அதை ஒட்டி, கம்பிவலை போட்டு ஒரு மூலையைத் தடுத்துவிடுங்கள். காயம்பட்டதைத் தனியே விடாமல் இரண்டு விடைகளையும் சேர்த்தே அதில் விடுங்கள். தட்டையும் தண்ணீரையும் வலைக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று என எதிரெதிரே வைத்தால், பார்த்துக்கொண்டே தின்று பழகும். இரண்டு வாரமாவது ஆகட்டும். காயத்தின் பொருக்கு உதிர்ந்தால் போதாது, அங்கே இறகு முளைத்து முற்றவும் வேண்டும். முளைக்கும் இறகுக் குருத்தில் ரத்தம் ஓடும், அதையும் கொத்திவிடுவார்கள்.

வலையை எடுக்கும் முன் கூண்டைப் பாருங்கள். தோற்ற கோழிக்கு ஓடி ஒதுங்க இடம் இல்லாததுதான் பல வீடுகளில் உண்மையான பிரச்சினை. தலைமை தாங்கும் கோழியால் ஒரு தட்டைத்தான் காவல் காக்க முடியும். ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதபடி மூன்று தட்டு வையுங்கள். நடுவில் ஒரு பலகையைச் சாய்த்து வையுங்கள், பின்னால் மறைந்துகொள்ளலாம். மூலை முடுக்கில் மாட்டிக்கொள்ளாமல் இரண்டு பக்கமும் வழி இருக்கட்டும். இரவில் ஏறி உட்காரும் கம்பு ஆறு கோழிக்கும் தாராளமாகப் போதுமா என்றும் பாருங்கள். மேல் கம்புக்குத்தான் போட்டி அதிகம்.

தீவனத்தில் ஒரு விஷயம் அவசரமாகச் சொல்ல வேண்டும். பெரிய கோழிகளுக்கு, முட்டையிடும் கோழிக்கென்றே விற்கும் லேயர் தீவனம் போடுவீர்கள் என்று நினைக்கிறேன். அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம், முட்டையிடத் தொடங்காத விடைகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எல்லாவற்றுக்கும் வளரும் கோழிக்கான குரோவர் தீவனமே போட்டு, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முட்டையிடும் கோழி தனக்கு வேண்டியதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

அப்புறம், இனி புதுக்கோழி வாங்கினால் சேர்க்கும் முன் மூன்று, நான்கு வாரம் எட்டத்தில் வைத்து நோய் ஏதும் இல்லையா என்று பாருங்கள். வலைக்கு அந்தப் பக்கம் வைப்பது இதற்குப் போதாது.

இத்தனை செய்தும் கருப்பி விடாமல் துரத்தி ரத்தம் பார்த்தால், அந்தப் பெட்டியை மறுபடி எடுங்கள். இந்த முறை உள்ளே போக வேண்டியது கருப்பி. நல்ல தீனி, தண்ணீர், வெளிச்சத்தோடு மற்ற கோழிகள் கண்ணில் படாத இடத்தில் நான்கைந்து நாள் இருக்கட்டும். அதற்குள் மற்ற ஐந்தும் தங்களுக்குள் ஒரு வரிசை அமைத்துக்கொள்ளும். திரும்பி வரும்போது இடம் தேட வேண்டியது கருப்பியாக இருக்கும். பெரும்பாலும் அதன் வேகம் அதோடு குறைந்துவிடும். குறையாவிட்டால் இன்னொரு முறையும் செய்து பார்க்கலாம். எப்படிப் போகிறது என்று எழுதுங்கள்.