தாத்தாவின் பழைய .22 ரைஃபிள் என்ன மாடல், என்ன விலை போகும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எஸ்டேட் மேனேஜராக இருந்த தாத்தா காலமாகிவிட்டார், பீரோவில் ‘பி.எஸ்.ஏ.’ (இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ் கம்பெனி) என்று பொறித்த பாயிண்ட் டூ டூ ரைஃபிள் ஒன்று கிடக்கிறது, மாடல் பெயர் எங்கும் காணோம் என்கிறீர்கள். விலைக்கு அப்புறம் வருவோம். முதலில் அது பீரோவில் இருக்கக் கூடாது. தாத்தாவின் லைசென்ஸ் உங்களுக்குச் செல்லாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி தாமதிக்காமல் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்துவிட வேண்டும். நீங்களாகத் தூக்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். ஸ்டேஷனில் தகவல் சொல்லி, எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டுவிட்டுப் போங்கள். பிறகு வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்கு லைசென்ஸ் கேட்க 2016 ஆயுத விதிகளில் வழி இருக்கிறது.

என்னைக் கேட்டால் கடையே நல்லது. தோட்டா உட்காரும் அறை காலியா என்று கடைக்காரர் பார்த்துக் கொடுத்ததும், அங்கேயே வைத்து நிதானமாக ஆராயலாம்.

போல்ட் (தோட்டா போடப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளும் தண்டு) இல்லை, குழலையோ அதன் அடியில் உள்ள நெம்புகோலையோ மடக்கித்தான் இழுக்க வேண்டும் என்றால் அது ஏர்கன். பி.எஸ்.ஏ. அதையும் ஏராளமாகச் செய்தது. டிரிகர் வளையத்துக்குப் பின்னால் இருக்கும் லீவரை இறக்கினால் உள்ளே ஒரு கட்டை கீழே இறங்குகிறதா? மார்ட்டினி வகை. ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுடுவது, கிளப்புகளில் குறி பழகியவர்களின் செல்லம். போல்ட்டும், தோட்டாக்களை அடுக்கிக் கழற்றி மாட்டும் சின்னப் பெட்டியான மேகசினும் இருந்தால் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஸ்போர்ட்ஸ்மேன் வரிசையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஐந்து தோட்டா மேகசின் என்றால் ஸ்போர்ட்ஸ்மேன் ஃபைவ், பத்து என்றால் டென். குழலுக்கு அடியில் நீளக் குழாயாக மேகசின் இருந்தால் ஃபிஃப்டீன்.

எந்த வருஷத்தது என்று அறியக் குழலைப் பாருங்கள். போல்ட் உட்காரும் இடத்துக்குச் சற்று முன்னால், கடுகளவில் பர்மிங்ஹாம் துப்பாக்கிச் சோதனைச் சாலையின் முத்திரைகள் இருக்கும். பூதக்கண்ணாடி வேண்டும். கிரீடத்துக்குக் கீழே பி.என்.பி. என்று மூன்று எழுத்தும் சேர்ந்திருந்தால் 1954 அல்லது அதற்குப் பிறகு. பி.பி., பி.வி., என்.பி. என்று தனித்தனிக் கிரீடங்களாக இருந்தால் அதற்கு முந்தையது.

போல்ட்டின் முகத்தையும் பார்த்துவிடுங்கள். தோட்டாவை வெடிக்க வைக்கும் ஊசி, அதன் ஓரத்தில் வந்து குத்துகிறதென்றால் என்.சி.சி.யில் சுட்டவர்கள் எல்லாரும் அறிந்த சாதாரண .22. நடுவில் குத்துகிறதென்றால் கதையே வேறு. .22 ஹார்னெட் போன்ற பெரிய தோட்டாவாக இருக்கலாம். செக் நாட்டு பிர்னோ ஹார்னெட் ரைஃபிளுக்கு ஏங்குகிறவர்கள் இன்றும் உண்டு. ஆனால் ஹார்னெட் தோட்டாவுக்கு அலைய வேண்டும், சாதாரண .22 தோட்டா உள்நாட்டிலேயே தயாராகிறது.

இனி விலை. வெளிநாட்டு ஏலத் தளங்களில் டாலரில் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள், அந்தச் சந்தைக்கும் நம் சந்தைக்கும் சம்பந்தமில்லை. 1980-களின் நடுவிலிருந்து தனியாருக்கு வெளிநாட்டுத் துப்பாக்கி வருவது ஏறக்குறைய நின்றுபோனதால் இங்கே இருப்பதுதான் சரக்கு. அது விலையை ஏற்றும். இன்னொரு பக்கம், ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைக்க முடியாது. அந்த இரண்டில் ஒன்றாகப் பாயிண்ட் டூ டூவைத் தேர்ந்தெடுப்பவர் அபூர்வம். காட்டுக்கோழி, முயல் வேட்டை எல்லாம் 1972 வனவிலங்குச் சட்டத்தாலும் அதன் 1991 திருத்தத்தாலும் முடிந்தது. ஆக, வாங்குபவர் குறி பார்த்துச் சுடும் ஆளாகத்தான் இருப்பார். அவருக்குப் பழமை பொருட்டில்லை, குழல்தான் கண்ணில் படும்.

குழலைப் பார்க்கப் போல்ட்டைக் கழற்றி, பின்பக்கமிருந்து ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். சுழன்றுபோகும் வரிகள் கூர்மையாக, பளபளவென்று தெரிய வேண்டும். கரும்புள்ளிகள் தெரிந்தால் துருப் பள்ளம், எந்த எண்ணெய்க்கும் போகாது. தோட்டா நுழையும் வாயின் விளிம்பை நகத்தால் தடவுங்கள். ஊசி விழும் இடத்தில் சின்னக் குழி தட்டுப்பட்டால், யாரோ தோட்டா இல்லாமல் டிரிகரை இழுத்து விளையாடியிருக்கிறார்கள். வீட்டில் பையன்கள் இருந்தால் இது சகஜம். நல்ல மெக்கானிக் சரிசெய்துவிடுவார், ஆனால் விலையில் கழிப்பார்கள். மலைக்காட்டு ஈரம் வேறு, மரக்கட்டைக்குள் மறைந்திருக்கும் குழலடியைக் கழற்றிப் பார்க்காமல் நம்பக் கூடாது. மேகசின் தொலைந்திருந்தால் பாதி ஆசை அங்கேயே போய்விடும், இந்த மாடல்களுக்கு மாற்று கிடைப்பது குதிரைக்கொம்பு.

எங்கள் ரைஃபிள் கிளப்பில் பழசைப் பற்றி விசாரித்து வருபவர்களில் பலர் நல்லெண்ணத்தோடு கெடுத்துக்கொண்டுதான் வருகிறார்கள். எமரித்தாள் போட்டுக் கருநீலப் பூச்சைத் தேய்த்து, மரக்கட்டைக்கு டச்வுட் வார்னிஷ் அடித்து, முத்திரை எல்லாம் மழுங்கி! கை வைக்காதீர்கள். உலர்ந்த துணியால் தூசி துடைத்தால் போதும்.

லைசென்ஸ் புத்தகத்தில் உள்ள நம்பரும் துப்பாக்கியில் உள்ள நம்பரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். அந்தக் காலத்தில் கையால் எழுதியது, 3 என்பது 8 ஆகியிருக்கும். அப்படி இருந்தால் விற்பதற்கு முன் லைசென்ஸ் வழங்கிய அலுவலகத்தில் மனுக் கொடுத்துத் திருத்துங்கள். இது தீராமல் எந்தக் கடைக்காரரும் நியாயமான விலை சொல்ல மாட்டார். சொன்னாலும் ஒரு கடையோடு நிறுத்தாதீர்கள். ஒப்படைக்கும்போது எல்லா முத்திரையையும் போட்டோ எடுத்துக்கொண்டு, ரசீதில் நம்பரோடு ‘மேகசின் ஒன்று’ என்றும் எழுதி வாங்குங்கள்.