உதவியாளரா, வானியலாளரா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சிந்தாமணி ரகுநாதாச்சாரி பற்றிய உங்கள் உரையைக் கேட்டேன். சென்னை வானாய்வகத்தில் அதன் தலைவர் போக்சனின் உதவியாளராக அளவுகளைக் குறித்துவந்தவரை வானியலாளர் என்பது மிகையல்லவா? அவர் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்ததும் தற்செயல்தானே?

க., வேலூர்

அன்புள்ள க.,

தற்செயல் என்ற சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. நுங்கம்பாக்கத்தில் அவர் கையாண்ட மெரிடியன் சர்க்கிள், வடக்கு தெற்காக மட்டுமே திரும்பும் தொலைநோக்கி. ஒவ்வொரு விண்மீனும் உச்சிவட்டத்தை, அதாவது தலைக்கு மேலாக வடக்கு தெற்காகச் செல்லும் கற்பனைக் கோட்டை, கடக்கும் கணத்தையும் அதன் உயரத்தையும் இரவிரவாகக் குறித்து, ஆண்டுக்கணக்கில் விண்மீன் அட்டவணைக்கு அளவு சேர்ப்பதே அங்கு நடந்த பணி. 1867 ஜனவரியில் அவர் கண்டறிந்த ஆர் ரெட்டிகுலி என்ற ஒளிமாறும் விண்மீன் தென்வானத்தைச் சேர்ந்தது. சென்னையில் அது மிக உயர்ந்து நிற்கும்போதும் அடிவானுக்கு மேல் சுமார் 14 பாகைதான். ஏறத்தாழ 278 நாட்களுக்கு ஒருமுறை பொலிந்து மங்கும் அவ்விண்மீன், பொலிவின் உச்சத்திலும் வெறுங்கண்ணுக்கு எளிதில் எட்டாது. அதன் ஒளி மாறியிருப்பதை உணர்வதற்கு, அது முன்பு எப்படி இருந்தது என்பது பார்ப்பவர் மனத்தில் பதிந்திருக்க வேண்டும். விண்மீன்களின் பொலிவுத் தரத்தில் அடுத்தடுத்த இரு படிகளுக்கு இடையே நாம் இன்றும் பயன்படுத்தும் 2.512 என்ற விகிதத்தை 1856இல் முன்வைத்த போக்சனே அக்கண்டுபிடிப்பை உதவியாளருக்கு உரியதாக ஏற்றார் என்பதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தின்போது போக்சன் மசூலிப்பட்டினத்தில் இருக்க, வனபர்த்திக்குச் சென்ற குழுவை வழிநடத்தியவர் ரகுநாதாச்சாரிதான். 1872இல் லண்டன் அரச வானியல் சங்கம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தது.

எனினும் என்னை அதிகம் ஈர்ப்பது ஆய்வகத்துக்கு வெளியே அவர் செய்த பணி. 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளி சூரியனைக் கடந்து செல்லவிருந்ததை மக்களுக்கு விளக்கி, ஆங்கிலத்தோடு கன்னடம், உருது போன்ற மொழிகளிலும் நூல் வெளிவரச் செய்தார். பஞ்சாங்கத்தில் எழுதியிருப்பது வானத்தில் தெரிவதோடு ஒத்துப்போக வேண்டும் என்பது அவருடைய உறுதியான நிலைப்பாடு. அதனால் பழைய சூத்திரங்களின்படி கணிக்கும் வாக்கிய முறையை விட்டு, வானில் காணும் நிலையோடு ஒத்துப்போகும் திருக்கணித முறையில் பஞ்சாங்கம் கணித்து வெளியிட்டார். மரபில் ஊறிய குடும்பத்தில் பிறந்து, மரபறிந்த பண்டிதர்களிடமே அவர் இதை வாதிட்டார் என்பதை நாம் மறக்கலாகாது. 1880இல் அவர் மறைந்த பின்னும் இரு முறைகளுக்கும் இடையிலான அந்த வாதம் முடியவில்லை. சனிப்பெயர்ச்சி இன்றும் நமக்கு இரண்டு தேதிகளில் வருவது அதனால்தான்.