நிற்காமல் போன வரி

அன்புள்ள ஐயா,

நாலைந்து வருடமாக உங்களை வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. எனக்கு 43 வயது. அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. அன்றைக்கு நான் அழவில்லை. ஆயிரம் வேலை இருந்தது, வருகிறவர்களைக் கவனிக்க வேண்டியிருந்தது, நாள் அப்படியே போய்விட்டது. அதற்கப்புறமும் அழுகை வரவில்லை. 'கல்நெஞ்சக்காரன்' என்று சொந்தத்தில் யாரோ சொன்னது என் காதிலும் விழுந்தது.

போன மாதம் குழாய் ஒழுகுகிறது என்று ஒரு பிளம்பருக்கு போன் போட்டேன். அவருடைய காலர் ட்யூன் ஒரு பழைய சினிமாப் பாட்டு. நான் பிறப்பதற்கு முந்தியது, கும்மாளமான பாட்டு. அப்பா தினமும் சவரம் செய்யும்போது அதைத்தான் பாடுவார். பல்லவி மட்டும் தெரியும், நடுவில் வரும் இசையை வாயாலேயே வாசித்துவிடுவார். இரண்டாவது வரி பாதியில் இருக்கும்போது மூக்குக்குக் கீழே பிளேடு வரும், நிறுத்துவார். மழித்துவிட்டு மிச்ச வரியைப் பாடுவார். சின்ன வயதில் நாங்கள் அதை நடித்துக் காட்டிச் சிரிப்போம். போனில் அந்த இரண்டாவது வரி வந்ததும் எனக்கு உடைந்துவிட்டது. பிளம்பர் எடுத்து "சொல்லுங்க சார்... சார்?" என்கிறார். பேச முடியாமல் கட் செய்துவிட்டேன். மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இந்தப் பாட்டுக்கா?" என்றாள்.

என் கேள்வியும் அதுதான். சோகப் பாட்டுக்கு அழுதால் புரியும். அப்பாவுக்கு அழாதவன் ஒரு கும்மாளப் பாட்டுக்கு அழுவது என்ன கணக்கு? அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு அழுது தீர்த்துவிடலாமா, இல்லை கேட்காமல் இருப்பது நல்லதா? (என் பெயர் வேண்டாம்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

கல்நெஞ்சுக்காரர்கள் பிளம்பரிடம் பேச முடியாமல் போனை வைப்பதில்லை. அதை முதலில் ஒதுக்கிவிடுவோம்.

சோகப் பாட்டுதான் அழவைக்கும் என்பது நாம் யோசிக்காமலே வைத்திருக்கும் ஒரு நம்பிக்கை. தொல்காப்பியர் அழுகை பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இகழப்படுவது, இழப்பது, முன்பிருந்த நிலை கெடுவது, இல்லாமை. ராகமோ மெட்டோ அந்தக் கணக்கில் வரவே இல்லை. உங்களுடையது இழவு. பாட்டு அதற்கு வழிவிட்டது, அவ்வளவுதான். கும்மாளத்துக்கும் கண்ணீருக்கும் ஆகாது என்றும் நம் முன்னோர் நினைக்கவில்லை. புறநானூற்றில் 'உவகைக் கலுழ்ச்சி' என்று ஒரு துறையே உண்டு. கலுழ்ச்சி என்றால் அழுகை.

இசையே தன்னந்தனியாகவும் அழவைக்கும், மறுக்கவில்லை. ஜான் ஸ்லொபோடா என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 83 பேரிடம், எந்த இசையில் எந்த இடத்தில் உடம்பு என்ன செய்தது என்று கேட்டு 1991-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார். கண்ணீர் வந்ததாகச் சொன்ன இடங்களில் பலவும் ஒரே சாயலில் இருந்தன. சுரம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு நேரே போகாது. பக்கத்துச் சுரத்தில் கொஞ்சம் உறுத்தலாகச் சாய்ந்து நிற்கும், பிறகு வந்து அமரும். அந்தச் சாய்வில் தொண்டை அடைக்கிறது. நல்ல ஆய்வு. ஆனால் பிளம்பரின் காலர் ட்யூனுக்கு அது போதாது. அப்படி ஒரு சாய்வு அந்தப் பாட்டில் இருந்திருந்தால் உங்கள் மனைவியும் அல்லவா அழுதிருக்க வேண்டும்?

இந்த விஷயம் சினிமாக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரே பாட்டு படத்தில் இரண்டு தரம் வரும். முதலில் துள்ளலாக, எல்லோரும் இருக்கும்போது. பிறகு மெதுவாக, ஒரு ஆள் குறைந்த பிறகு. இரண்டாவதைத்தான் 'சோக வெர்ஷன்' என்கிறோம். முதலாவதைக் கேட்காமல் நேராக இரண்டாவதை மட்டும் கேட்கிறவனுக்கு அது வெறும் மெதுவான பாட்டு. முதல் தடவை கேட்ட ஞாபகத்தை இயக்குநரே நமக்குள் வைத்துவிட்டு, ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து வசூலிக்கிறார். உங்களுக்கு உங்கள் அப்பா பாடியது முதல் வெர்ஷன். மெதுவாக்கக்கூட அவசியமில்லாமல் போனில் வந்தது இரண்டாவது.

இனி உங்கள் கடிதத்தில் நீங்களே கவனிக்காமல் எழுதிவிட்ட ஒன்று. இரண்டாவது வரி வந்ததும் உடைந்துவிட்டது என்கிறீர்கள். பாட்டு தொடங்கியதுமே ஏன் உடையவில்லை? இரண்டாவது வரியின் பாதியில்தான் அப்பா நிறுத்துவார். இருபது வருடம் அந்த வரியை நீங்கள் இரண்டு துண்டாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். நடுவில் பிளேடு சரசரவென்று ஓடும் சத்தம். உங்கள் காது அந்த இடத்தில் நிறுத்தத்துக்குத் தயாராக நின்றது. பாட்டு நிற்கவில்லை, அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. அப்பா இல்லை என்பதை இரண்டு வருடமாக எல்லோரும் உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காது அன்றைக்குத்தான் அதைக் கேட்டது என்று நினைக்கிறேன்.

எனக்கும் ஒன்று உண்டு. ரேடியோவில் பாட்டு போகும்போது டேப்ரெக்கார்டரைப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்வோம். வீட்டில் யாரும் மூச்சுவிடக் கூடாது. சரணம் தொடங்கும் இடத்தில் அண்ணன் இருமிவிட்டான். அழித்துவிட்டு மறுபடி பதிவு செய்ய அந்தப் பாட்டு மறுபடி வர வேண்டுமே, வரவில்லை. அந்த இருமலோடுதான் எத்தனையோ வருடம் கேட்டோம், அவனைத் திட்டிக்கொண்டே. இப்போது கேசட்டும் இல்லை, அண்ணனும் இல்லை. அந்தப் பாட்டு செல்போனில் அப்பழுக்கில்லாமல் கிடைக்கிறது. சரணத்துக்கு முன்னால் ஒரு நொடி இடைவெளி வரும். சுத்தமாக இருக்கிறது. என்னால் அதைத் தாண்ட முடிவதில்லை.

போட்டோவைப் பார்த்தால் இப்படி ஆவதில்லை. பார்வையைத் திருப்பிக்கொண்டு போய்விடலாம். பாட்டு அதற்கென்று உள்ள நேரத்தை எடுத்துக்கொள்ளும். அடுத்து என்ன வரும் என்று நமக்குத் தெரியும், அது வரும், அதற்கடுத்ததும் வரும். ஒவ்வொன்றும் சொன்ன சொல் தவறாமல் வந்துகொண்டே இருக்கும்போது, வராத ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு தெரிகிறது.

உங்களுக்கு முந்திய காலத்துப் பாட்டு என்று குறிப்பிட்டிருந்தீர்கள். கரோல் க்ரம்ஹான்ஸலும் ஜஸ்டின் ஸுப்னிக்கும் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களுக்குப் பல காலத்துப் பாடல்களைப் போட்டுக் காட்டினார்கள். தாங்கள் வளர்ந்த காலத்துப் பாடல்களோடு, அம்மா அப்பா இளவட்டமாக இருந்த காலத்துப் பாடல்களும் அந்தப் பிள்ளைகளிடம் ஞாபகங்களோடு ஒட்டிக்கொண்டிருந்தன. வீட்டில் ஓடியது எல்லாம் நமக்குள்ளும் இறங்கிவிடுகிறது. நாம் கிண்டல் செய்த பாட்டு உட்பட.

அன்றைக்கு ஏன் அழவில்லை என்பதற்கு நீங்களே பதில் எழுதியிருக்கிறீர்கள், வேலை இருந்தது என்று. அதற்கு மேல் அதில் தோண்ட எதுவும் இல்லை. அழ வேண்டிய இடம் என்று எல்லோரும் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது கண்ணீர் வராமல் போவது சாதாரணம். குழாய் ரிப்பேருக்கு போன் போடுகிறவன் எந்தக் காவலும் இல்லாமல் இருக்கிறான்.

திரும்பத் திரும்பக் கேட்கலாமா? வேண்டாம் என்பேன். ஒழுக்கமோ உளவியலோ அல்ல, சொந்த அனுபவம். எனக்கு மிகவும் வேண்டிய ஒரு பாட்டை, அதிலேயே கண்விழிக்கலாமே என்று, அலாரமாக வைத்தேன். ஐந்தே மாதம். இப்போது அது எங்கே ஒலித்தாலும் கை தலையணைக்கடியில் எதையோ தேடுகிறது, எரிச்சல் வருகிறது. பழைய ஞாபகத்தின் மேல் புதுசு வந்து உட்கார்ந்துவிட்டது. தினமும் பஸ்ஸில் கேட்டால் அந்தப் பாட்டு சீக்கிரமே பஸ்ஸின் பாட்டாகிவிடும். அதற்காகக் காதைப் பொத்திக்கொண்டு ஓடவும் வேண்டாம். உங்கள் போனில் ஏற்றிக்கொள்ளாமல் இருந்தால் போதும், அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

குழாய் என்ன ஆயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது என்றால் அவரையே இன்னொரு தரம் கூப்பிடுங்கள். மனுஷன் கொஞ்சம் தாமதமாக எடுக்கட்டும்.

அன்புடன்.